கல்லூரி வாசல் வரை ஒரு துணை

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய தமிழர் வீடுகளில் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. மிட்டாய் வழங்குகிறார்கள். அடுத்த வாரம்தான் திகைப்பு தொடங்குகிறது. மூட்டை தூக்கும் தந்தைக்கும், வீட்டு வேலைக்குப் போகும் தாய்க்கும் 'இனி என்ன?' என்று கேட்க ஆள் இல்லை. அக்குடும்பத்தில் யாரும் கல்லூரிப் படியை மிதித்ததில்லை.

நம் சங்கங்கள் சும்மா இருப்பதாகச் சொல்ல மாட்டோம். ஆண்டு விழாவில் முதல் மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பரிசும் பொன்னாடையும் தருகின்றன. நல்லதே. ஆனால் அப்பரிசைப் பெறுவோரில் பலர், பரிசு இல்லாவிட்டாலும் கல்லூரிக்குப் போகக்கூடியவர்கள். நடுத்தர மதிப்பெண் வாங்கி, கடைசி வரிசையில் நின்று கைதட்டிவிட்டுப் போகும் பிள்ளையை யார் விசாரிக்கிறார்கள்?

பிளஸ் ஒன் இடங்கள் இங்கே 'ஏகஜாலகம்' எனும் கணினி முறையில் ஒதுக்கப்படுகின்றன. பள்ளிகளை விருப்ப வரிசைப்படி எழுத வேண்டும். வரிசை தவறினால் கிடைத்திருக்கக்கூடிய இடமும் போகும். ஒதுக்கீடு வந்தும் குறித்த நாளில் போய்ச் சேராதவன் பட்டியலிலிருந்து நீக்கப்படுவான். ரயில் முன்பதிவு ஜன்னலில் படித்தவர்கள்கூடப் படிவத்தை நீட்டி, 'நீங்களே எழுதிக் கொடுங்கள், சார்' என்பது உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளையைத் தனியே அட்சய மையத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

சான்றிதழ் விவகாரம் இன்னும் சிக்கலானது. 1950க்குப் பின் வேறு மாநிலத்திலிருந்து குடியேறிய தாழ்த்தப்பட்டோருக்கு, குடியேறிய மாநிலத்தின் இட ஒதுக்கீடு கிடைக்காது என்பது 1990இல் சுப்ரீம் கோர்ட் உறுதிப்படுத்திய நிலை. தகப்பனோ பாட்டனோ எந்த ஆண்டில் வந்தார் என்பதற்கு ஆவணம் தேடி வில்லேஜ் ஆபீசுக்கு நடக்க வேண்டும். கூலியை விட்டு மூன்று நாள் நடக்கத் தந்தையால் முடியுமா? ஓய்வு பெற்ற ஒருவரால் முடியும்.

இந்த ஊருக்கு இது புதிய செய்தியல்ல. வெங்ஙானூர் அய்யன்காளி, பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்குத் தாமே அழைத்துச் சென்றார். எதிர்த்தவர்கள் அப்பள்ளிக்குத் தீ வைத்தார்கள். 1937இல் காந்தியடிகள் வெங்ஙானூர் வந்தபோது, தம் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைக் கண்டுவிட்டுச் சாக வேண்டும் என்பதே தம் ஆசை என்றார் அய்யன்காளி. அவர் எழுதப் படிக்க அறியாதவர் என்பதை, 'எங்களுக்கு அவ்வளவு படிப்பு இல்லையே' என்று தயங்கும் நண்பர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

தமிழ்நாட்டில் நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010 முதல் 'விதை' திட்டத்தின் மூலம் இத்தகைய மாணவர்களைக் கல்லூரியில் சேர்க்கிறது. பணத்தோடு நின்றுவிடாமல், தன்னார்வலர்கள் மாணவர்களோடு தொடர்பில் இருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஏஜீஸ் ஆபீசிலும் ரயில்வேயிலும் வங்கிகளிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழர்கள் இந்நகரில் ஏராளம். ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் போதும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறோம். பள்ளிவரை தமிழில் படித்த பிள்ளை, கல்லூரியில் ஆங்கிலப் பாடமும் மலையாளப் பேச்சும் ஒருசேரத் தாக்கும்போது முதலாண்டிலேயே நின்றுவிடக் கூடும். சேர்த்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைவது வேண்டாம். முதல் இரண்டு ஆண்டுகளாவது வாரம் ஒருமுறை அப்பிள்ளையைப் பார்த்துப் பேச வேண்டும். அந்த அவகாசம் இல்லாதவர்கள் பொறுப்பை ஏற்காதிருப்பதே மேல்.

வரும் மே மாதத்துக்குள் சங்கங்கள் தத்தம் கட்டிடத்தில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலிகளும் போட்டு, மாலை 6 மணி முதல் 8 மணி வரை யார் இருப்பார் என்ற பெயர்ப்பட்டியலை வாசலில் ஒட்டட்டும். பொன்னாடைச் செலவில் ஒரு பகுதி விண்ணப்பக் கட்டணத்துக்குப் போதும்.