பக்கத்துத் துறைமுகம் கூப்பிட்டால்...

ஹார்பரைப் பற்றி இதுவரை நான் எழுதியதெல்லாம் கப்பல், கிரேன், கேன்டீன், போனஸ் சண்டை என்றுதான் இருக்கும். இன்று ஒரு காகிதத்தைப் பற்றி எழுதுகிறேன். பல இடங்களில் இல்லாத காகிதம், அல்லது பெயருக்கு மட்டும் இருக்கும் காகிதம். ஆபத்து வந்தால் ஒரு துறைமுகம் இன்னொன்றுக்கு எப்படி உதவும், அந்தச் செலவை யார் ஏற்பது என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் அது.

33 வருடம் துறைமுக ஆபீசில் இருந்தவன் நான். கப்பல் ஓட்டியவன் அல்ல, கோப்பு ஓட்டியவன். அதனால்தான் இந்த விஷயம் என் கண்ணில் பட்டது.

ஒரு தடவை பக்கத்துத் துறைமுகத்தில் பெர்த்தில் நின்ற கப்பலில் தீப்பிடித்தது. இரண்டு துறைமுகங்களின் பெயரும் வேண்டாம். ராத்திரி போன் வந்தது. தண்ணீர் பீய்ச்சும் வசதியுள்ள எங்கள் டக் அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டது. செராங்கும் சரி, லஸ்கர்களும் சரி, ஒரு கேள்வி கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் தீ அணைந்தது. ஆனால் கயிற்றில் சிக்கி ஒரு லஸ்கருக்கு இரண்டு விரல் போய்விட்டது.

அதற்கப்புறம்தான் என் வேலை ஆரம்பித்தது. "அவர் அந்தத் துறைமுகத்து வேலையில் இருந்தபோது அடிபட்டவர், அவர்கள்தான் நஷ்டஈடு தர வேண்டும்" என்றது எங்கள் தரப்பு. "அவர் உங்கள் ஊழியர், நாங்கள் எழுத்துமூலம் உதவி கேட்கவே இல்லையே" என்றது அந்தத் தரப்பு. இரண்டு வருடம் ஒன்பது மாதம் அந்தக் கோப்பு இங்கும் அங்கும் அலைந்தது. டீசல் பில் தீர இன்னும் அதிக நாள் ஆயிற்று. அந்த மனிதர் ஒவ்வொரு மாதமும் என் மேஜை முன்னால் வந்து நின்று, "சார், ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்பார். கையை மட்டும் பின்னால் கட்டியிருப்பார்.

அடுத்த முறை அதே துறைமுகம் கூப்பிட்டபோது எங்கள் அதிகாரி சொன்ன முதல் வார்த்தை, "எழுத்துல குடுங்க சார்" என்பதுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன் அனுபவம் அப்படி. பணம் போனதை விட, தயங்காமல் கிளம்பும் அந்தப் பழக்கம் போனதுதான் பெரிய நஷ்டம் என்பது என் கருத்து.

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஏப்ரல் 14ஆம் தேதியை நாடு முழுவதும் தீயணைப்புப் படையினர் தினமாகக் கடைப்பிடிக்கிறோம். 1944இல் அதே நாளில் பம்பாய் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிக்கைன்' என்ற கப்பல் வெடித்துச் சிதறியது. வெடிமருந்தும் பஞ்சுப் பொதிகளும் ஒரே கப்பலில். தீயணைக்கப் போனவர்களில் 66 பேர் திரும்பவில்லை. துறைமுகத்தில் பிடிக்கும் தீ துறைமுகத்து மதில் சுவரோடு நிற்பதில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதே மும்பையில் 2010 ஆகஸ்ட் 7 அன்று 'எம்.எஸ்.சி. சித்ரா', 'கலீஜியா 3' என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கன்டெய்னர்கள் கடலில் விழுந்து மிதந்தன, எண்ணெய் கசிந்தது. மும்பை துறைமுகத்துக்கும் ஜவஹர்லால் நேரு துறைமுகத்துக்கும் போகிற கப்பல் பாதை ஒன்றுதான். ஆகவே சில நாட்களுக்கு இரண்டுக்கும் சேர்த்துக் கதவு அடைபட்டது. சரக்குக்குப் போட்டி போடலாம், கடலைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது.

நம் ஊர்க் கதை உங்களுக்கே தெரியும். 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற கப்பல்கள் மோதின. கடலோரக் காவல்படை வந்தது. ஆனால் எர்ணாவூர் கரையில் மாணவர்களும் மீனவர்களும் தீயணைப்பு வீரர்களும் வாளியால் கரும் எண்ணெயை அள்ளிய காட்சியைத் தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் பார்த்தோம். நமது தேசிய எண்ணெய்க் கசிவுத் திட்டப்படி 700 டன் வரையிலான கசிவு முதல் நிலை. அதை அந்தந்த இடத்திலேயே சமாளிக்கும் வசதி இருக்க வேண்டும். எண்ணூரில் கசிந்தது அந்த அளவுக்கு வெகு கீழே. சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி என்று டக் ஓடினால் இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று துறைமுகங்கள் இருக்கும் கரை இது. அப்படியிருந்தும் வாளி.

2021இல் இலங்கைக்கு நேர்ந்தது இதைவிட மோசம். 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' கப்பலில் நைட்ரிக் அமிலக் கன்டெய்னர் ஒன்று கசிந்தது. கத்தாரின் ஹமத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் அதை இறக்கக் கேட்டும், வசதியில்லை என்று மறுத்துவிட்டதாகக் கப்பல் நிறுவனம் சொன்னது. கப்பல் கொழும்புக்கு வெளியே வந்து தீப்பிடித்து மூழ்கியது. இந்தியக் கடலோரக் காவல்படைக் கப்பல்கள் தீயணைக்கப் போயின. ஆனால் அந்த ஒரு கன்டெய்னர் முன்பே எங்காவது இறங்கியிருந்தால்? ஒரு துறைமுகம் வேண்டாம் என்று தள்ளிய ஆபத்து இன்னொரு ஊர் மீனவர் வலையில் பிளாஸ்டிக் மணிகளாக வந்து சேர்ந்தது.

"கடலோரக் காவல்படைதான் இருக்கிறதே, தனி ஒப்பந்தம் எதற்கு?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்கள் பணி பெரியது, மறுக்கவில்லை. ஆனால் பெர்த்தில் நிற்கும் கப்பலில் தீ என்றால் முதல் இரண்டு மணி நேரம் கையில் இருப்பது துறைமுகத்து டக்கும் துறைமுகத்து ஃபோமும்தான். அது தீர்ந்தால் அடுத்த ஃபோம் பக்கத்துத் துறைமுகத்து கோடவுனில் இருக்கிறது.

"எல்லாம் ஒரே அமைச்சகம், ஒரு போன் போதும்" என்பது அடுத்த வாதம். பெரிய துறைமுகங்கள் மத்திய அரசின் கீழ். காமராஜர் துறைமுகம் 2020 முதல் முழுக்கச் சென்னைத் துறைமுகத்துக்கே சொந்தம். ஆனால் சிறிய துறைமுகங்கள் மாநில அரசின் கீழ் வருகின்றன, காட்டுப்பள்ளியை நடத்துவது தனியார். போன் டக்கைக் கொண்டுவரும். விரல் போனவருக்கு நஷ்டஈடு கொண்டுவராது.

எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை. அமெரிக்க மாநிலங்களுக்கிடையே இப்படி ஒரு உடன்படிக்கை இருக்கிறது. 1996இல் அந்நாட்டுக் காங்கிரஸ் அதற்கு ஒப்புதல் தந்தது. உதவி வாய்மொழியாகக் கேட்கலாம், 30 நாளுக்குள் எழுத்தில் உறுதி செய்தால் போதும். உதவி பெற்றவர் செலவைத் திருப்பித் தர வேண்டும். உதவப் போனவருக்கு அடிபட்டால் அவரை அனுப்பிய மாநிலமே, சொந்த ஊரில் அடிபட்டது போலக் கருதி நஷ்டஈடு தர வேண்டும். தன் ஊர்ப் பாதுகாப்புக்குத் தேவையானதைத் தராமல் வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு. இதைப் படித்தபோது, இதை எழுதியவர் யாரோ என்னைப் போல ஒரு கோப்புக்காரர் என்றே தோன்றியது.

துறைமுகங்களுக்கும் இதே நாலு விஷயம் போதும், கூட இரண்டு சேர்க்கச் சொல்வேன். ஒன்று, சம்பவ இடத்தில் உத்தரவு யாருடையது என்பது. உதவிக்கு வரும் டக்கின் செராங்குக்கு இரண்டு வாக்கி டாக்கியில் இரண்டு உத்தரவு வந்தால் அவர் என்ன செய்வார்? இரண்டு, வருடத்துக்கு ஒரு கூட்டு ஒத்திகை. இவர்கள் ஹோஸ் அவர்கள் குழாயில் பொருந்துகிறதா என்று தீ எரியும்போது பார்க்கக் கூடாது.

தனியாரும் இதில் சேர வேண்டும். "எங்கள் டக்கை அனுப்பிவிட்டால் எங்கள் கப்பல் நிற்குமே, வருமானம் போகுமே" என்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கும் மணிக் கணக்கில் வாடகை எழுதிக்கொள்ளலாம். தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்பதையும் அதிலேயே எழுதலாம். பேரம் பேசுகிற நேரம் அமைதியான நாட்கள்தான்.

இதைப் படிப்பவர்களில் ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர். உங்கள் பிள்ளைகளோ மருமகன்களோ இன்னும் அங்கே இருப்பார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "பக்கத்துத் துறைமுகத்துக்கு உதவப் போய் உனக்கு அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்று எங்கே எழுதியிருக்கிறது?" காட்டினால் சந்தோஷம், கமென்ட்டில் எழுதுங்கள். காட்ட முடியாவிட்டால் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்கச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் கேட்டால் நல்லது.