பழைய ஜரிகைக்கு ஆள் உண்டு, பழைய ஆயிலுக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் சென்டர் ஸ்டாண்டில் நிற்கும். அடியில் பழைய பிளாஸ்டிக் பேசின். பக்கத்தில் ஸ்பானர், கந்தல் துணி, புது ஆயில் டப்பா. வண்டிக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்.

ஆயில் மாற்றுகிறார்!

நல்ல காரியம்தான். வொர்க் ஷாப்பில் காத்துக் கிடக்க வேண்டாம். கூலி மிச்சம். ஊற்றியது நல்ல ஆயிலா, மட்டமானதா என்ற சந்தேகமும் இல்லை. தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்பவரைக் குறை சொல்ல நான் வரவில்லை.

என் கேள்வி ஒன்றே ஒன்று. பேசினில் வடிந்த கறுப்பு ஆயில் எங்கே போகிறது?

பாவில் பட்ட கறை

போன மாதம் எங்கள் தெருவில் நடந்தது இது. தொழிற்சாலை வேலைக்குப் போகும் ஒரு தம்பி, ஆயிலை மாற்றி முடித்து, பேசினோடு சாக்கடையில் கவிழ்த்துவிட்டார். கறுப்பாக இருக்கிறதே என்று ஒரு பக்கெட் தண்ணீரையும் வேகமாக ஊற்றினார். சாக்கடை ஏற்கெனவே அடைப்பு. தண்ணீர் எகிறித் தெருவுக்கு வந்துவிட்டது.

தெருவில் அந்த நேரத்தில் ஒரு நெசவாளர் குடும்பம் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தது. பாவின் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஆயில் தெறித்துவிட்டது.

"ஏம்பா, கண்ணு தெரியலையா?"

"சாக்கடையிலதானே ஊத்தினேன் அக்கா... சோப்பு போட்டா போயிடாதா?"

"பட்டுல பட்ட ஆயிலு சோப்புக்குப் போவுமாடா தம்பி?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். கறை பட்ட இழைகளை அறுத்து, வேறு இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்தார்கள். அரை நாள் பொழுது போச்சு. தறிக்காரருக்கு அரை நாள் என்பது அரை நாள் கூலி.

இது கண்ணில் தெரிந்த கறை. தெரியாமல் போகிற கறைதான் பெரிசு.

ஒரு லிட்டர்தானே!

"ஒரு லிட்டர்தானே சார், அதுல என்ன வந்துடப் போவுது?" என்பார்கள். 100 சி.சி. வண்டிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரைதான் பிடிக்கும். வாஸ்தவம். ஆனால் காரில் ஒரு தடவை மாற்றும் ஆயில், பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கப் போதும் என்கிறது அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம். நம் வண்டி ஆயில் அதில் நாலில் ஒரு பங்கு என்றே வையுங்கள். அப்போதும் எத்தனை கிணறு ஆயிற்று?

சாக்கடையில் ஊற்றியது நம் தெருவோடு நிற்காது. ஊருக்குள்ளே ஓடும் வேகவதி, திருமுக்கூடலில் பாலாற்றோடு சேருகிறது. ஏற்கெனவே நொந்து கிடக்கிற ஆறு. அதன் தலையில் இதுவும் வேண்டுமா?

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. டி.வி.எஸ். 50, லூனா வண்டிகளுக்குப் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றுவோம். அது எரிந்து புகையாய்ப் போகும். புகை கெடுதல்தான், ஆனால் என்ஜின் ஆயிலை வடித்துக் கொட்டுகிற பேச்சே இல்லை. இன்று எங்கும் நாலு ஸ்ட்ரோக் வண்டி. சில ஆயிரம் கிலோ மீட்டருக்கு ஒரு தடவை வடித்தே ஆக வேண்டும்.

அதுவும் இது மோட்டார் சைக்கிள் பிறக்கிற மாவட்டம்! ஒரகடத்தில் 2013-ல் ராயல் என்பீல்டு வந்தது. வல்லம் வடகாலில் 2015-ல் யமஹா வந்தது. வண்டி செய்யத் தெரிந்த மாவட்டத்துக்கு, வண்டிக் கழிவை வாங்கி வைக்க வழி தெரியாதா?

முறையாகச் செய்வது எப்படி?

வீட்டில் மாற்றுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். என்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் இளகி நன்றாக வடியும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும். அடி போல்ட்டின் வாஷரைப் பாருங்கள், நசுங்கியிருந்தால் மாற்றுங்கள். போல்ட்டைப் பலம் கொண்ட மட்டும் முறுக்காதீர்கள். மரை போனால் மிச்சம் பிடித்த கூலி பத்து மடங்காகப் போய்விடும்.

கார் ஆயில் மலிவாகக் கிடைத்தாலும் ஊற்றாதீர்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிளில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கார் ஆயில் பட்டால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

முடிந்ததும் பழைய ஆயிலை ஒரு டப்பாவில் ஊற்றி இறுக்கி மூடுங்கள். தண்ணீரோ பெட்ரோலோ கலக்க வேண்டாம். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அடிக்கடி தோலில் படுவது நல்லதல்ல. சிலர் சென்ட்ரிங் பலகைக்குப் பூசுகிறார்கள், கரையானுக்கு என்று மரத்தில் தடவுகிறார்கள். அதுவும் கடைசியில் மண்ணுக்குத்தான் போகிறது.

டிரம் எங்கே?

சரி, மூடி வைத்த டப்பாவை யாரிடம் கொடுப்பது? நானே மூன்று மெக்கானிக்குகளிடம் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேர், "கொண்டாங்க சார், டிரம்ல ஊத்திடலாம், வாங்கிட்டுப் போக ஆள் வருவாங்க" என்றார்கள். மூன்றாமவர், "ஒரு லிட்டருக்கெல்லாம் யாரு சார் டிரம்மைத் திறப்பா?" என்றார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரமான கழிவு. 2024 ஏப்ரல் முதல், ஆயில் விற்கும் கம்பெனிகளே பழைய ஆயில் மறுசுழற்சிக்குப் பொறுப்பு என்றும் விதி வந்துவிட்டது. ஆனால் பிள்ளையார்பாளையத்து வாசலில் பேசினோடு நிற்பவருக்கு அந்த விதியால் என்ன லாபம்?

ஆகவே மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். குப்பை வாங்க வண்டி வருகிறதல்லவா? மாதம் ஒரு ஞாயிறு அதோடு ஒரு டிரம்மும் வரட்டும். சேர்ந்ததை அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். ஆயில் விற்கும் கடைகளும் பழசைத் திருப்பி வாங்கட்டும்.

இது வீண் செலவல்ல. 42 காலன் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் அளவு புது ஆயிலை, ஒரே ஒரு காலன் பழைய ஆயிலைச் சுத்திகரித்து எடுத்துவிடலாம் என்கிறது அதே அமெரிக்க நிறுவனம்.

கிழிந்த பட்டுப்புடவையைக்கூட வீசாத ஊர் இது. ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்காக வாசலுக்கே வந்து வாங்கிப் போகிறார்கள். பழசின் மதிப்பு காஞ்சிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதுவரை? எங்கள் தெருத் தம்பி இப்போது டப்பாவில் பிடித்து மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அக்காவுக்குப் பயந்துதான்! பயந்தாலும் சரி, புரிந்தாலும் சரி, பாவு தப்பித்தால் போதும்.