பயிற்சி என்ற பெயரில் மலிவு உழைப்பு: வடக்கின் கடைத்தெருக்களில் தொலைந்துபோகும் தொழில்

"வேலைக்கு ஆட்கள் தேவை. அனுபவம் தேவையில்லை. பயிற்சி வழங்கப்படும்."

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா நகரங்களில் புடவைக்கடை, பாமசி, கைத்தொலைபேசிக் கடை, உணவகம், அழகுநிலையம் என்று எங்கு பார்த்தாலும் இந்த அறிவித்தல் தொங்குகிறது. ஆனால் அந்தப் பயிற்சி எத்தனை மாதம், யார் பழக்குவார், முடிவில் கையில் என்ன கிடைக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கிடைப்பது அரிது. போரால் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் சாதாரண தரத்துடனோ உயர்தரத்துடனோ படிப்பை நிறுத்திவிட்டு முதலில் வந்து நிற்கும் இடம் இந்தக் கடைகள்தான். ஆகவே இது சின்ன விடயம் அல்ல.

கடையில் நின்று தொழில் பழகுவது எங்களுக்குப் புதியதும் அல்ல. தென்னிலங்கையின் சிங்களக் கிராமங்களில் சுருட்டுக்கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்தவர்களும், கொழும்பில் கடை நடத்திய தீவகத்தவர்களும் ஊரில் இருந்து உறவுக்காரப் பெடியன்களைக் கூட்டிச் சென்றார்கள். கூட்டித் துடைப்பதில் தொடங்கி, நிறுத்துக் கொடுத்து, கணக்கெழுதி, கடைசியில் தனக்கென்று ஒரு கடை வைப்பது வரை அதில் ஒரு ஏணி இருந்தது. சம்பளம் சொற்பம், சுரண்டலும் இருந்தது. ஆனாலும் மேலே ஏற வழி இருந்தது.

1983 யூலையில் தெற்கில் தமிழர்களின் கடைகள் எரிந்தபோது அந்த ஏணியும் சேர்ந்து எரிந்தது. 1990 ஒக்ரோபரில் முஸ்லிம் மக்கள் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணக் கடைத்தெரு தலைமுறை தலைமுறையாகத் தொழில் தெரிந்த வியாபாரிகளை இழந்தது. அதன்பின் பொருளாதாரத் தடையும் இடப்பெயர்வும் வந்தன. பொருளே இல்லாத கடையில் யார் எதைப் பழகுவது?

2009 இன் பின்னர் ஏ9 பாதை திறந்தது. 2013 இல் யாழ் நகரில் கார்கில்ஸ் சதுக்கம் வந்தது. 2014 இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. கொழும்பு நிறுவனங்களின் கிளைகளும் புலம்பெயர்ந்தோர் முதலீட்டில் எழுந்த விடுதிகளும் திருமண மண்டபங்களும் பெருகின. வேலைகள் வந்தன, ஆனால் ஏணி வரவில்லை. காசாளராகச் சேர்ந்தவர் ஐந்து வருடம் கழித்தும் காசாளராகவே இருப்பதும், பெரிய கிளைகளில் அதற்கு மேற்பட்ட பதவிகளுக்குச் சிங்களமும் ஆங்கிலமும் கேட்கப்படுவதும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதைதான்.

இதனால்தான் அரச உத்தியோகத்தைத் தவிர மற்றது வேலையே இல்லை என்ற எண்ணம் இங்கு இன்னும் இறுகியது. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ் மாவட்டச் செயலகத்தின் முன்னால் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். அவர்களை 'தனியார் துறைக்குப் போகத் தெரியாதவர்கள்' என்று பழிப்பது எளிது. தனியார் துறை அவர்களுக்கு எதைக் காட்டியது என்று கேட்பதுதான் நியாயம்.

போர் முடிந்தபின் பயிற்சிகளுக்குக் குறைவிருக்கவில்லை. தையல், அழகுக்கலை, கேக் அலங்காரம் என்று குறுகிய காலப் பயிற்சிகள் ஊர் ஊராக நடந்தன. சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்தார்கள். சிலருக்குத் தையல் இயந்திரமும் கிடைத்தது. ஒரே ஊரில் இருபது பேர் தையல் பழகினால் தைக்கத் துணி கொடுப்பது யார் என்பதை யோசித்தவர்கள் குறைவு. மறுபுறம் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற தரமான இடங்களும் உள்ளன. ஆனால் தகப்பன் இல்லாத வீட்டின் மூத்த பிள்ளையால் மாதக்கணக்கில் உழைப்பின்றிப் படிக்க முடிவதில்லை. அந்த வீட்டுக்கு இந்த மாதமே காசு வேண்டும்.

உழைத்துக்கொண்டே பழகும் பயிலுனர் முறை அதனால்தான் எங்கள் நிலைமைக்கு மிகவும் பொருத்தமானது. அதற்கான சட்டமும் நிறுவனமும் ஏற்கனவே இருக்கின்றன. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை (நைற்றா) தொழில் வழங்குநருக்கும் பயிலுனருக்கும் இடையே ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்கிறது. பயிற்சிக்குக் காலவரையறை உண்டு. இறுதியில் பரீட்சித்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., பெறலாம். அது ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் தனித்து வேலை செய்யக்கூடியவருக்கு, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். சமையல், வெதுப்பகம், அறைப் பராமரிப்பு, உணவு பரிமாறுதல், சிகை அலங்காரம் போன்ற சேவைத் தொழில்களுக்கும் இது உண்டு. கொழும்பிலும் வெளிநாட்டிலும் காட்டக்கூடிய தாள் இது.

வகுப்பில் படிக்காமலே தொழில் தெரிந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற முறையில் ஒருவர் செய்துகாட்டி, அனுபவத்தை நிரூபித்து என்.வி.கியூ. பெறலாம். முகாம்களில் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைத்தவர்கள், வன்னியில் களஞ்சியமும் கணக்கும் பார்த்தவர்கள், புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளிகள் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய திறமைக்குத் தாள் இல்லை. வேலை கேட்டுப் போனால் கடந்த காலத்தைத்தான் விசாரிக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் நிலையும் இதுவே. வேலைக்குச் சேர்ப்பதில் அவர்களுக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. காசாளர் மேசையில் இருந்தபடி செய்யும் வேலைக்குக்கூட அவர்களைக் கூப்பிடுவோர் சிலரே.

பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாத 'பயிற்சி' என்பது பயிற்சி அல்ல, வேலை. வேலைக்குச் சட்டம் இருக்கிறது. 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலை நேரம். வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை கொடுக்க வேண்டும். நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதமும் செலுத்த வேண்டும். நிரந்தரம், தற்காலிகம் என்ற வேறுபாடு இதற்கு இல்லை. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2026 ஜனவரியில் இருந்து 30,000 ரூபா. காலை எட்டு மணிக்குக் கடை திறந்து இரவு எட்டு மணிக்குப் பூட்டி, ஞாயிறும் வரச்சொல்லி, 'இன்னும் பழகுகிறாய்தானே' என்று சம்பளத்தைக் குறைப்பவர் இந்தச் சட்டங்கள் எல்லாவற்றையும் ஒரு சொல்லால் தாண்டிவிடுகிறார்.

முதலாளிகள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. "பழக்கிவிட்டால் அடுத்த கடைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்கள்" என்பது அவர்களின் முறைப்பாடு. அது உண்மையும்கூட. ஆனால் எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில் ஒருவரை நிறுத்திவைக்கவும் எதுவும் இல்லை. பதிவு செய்த ஒப்பந்தம் இரண்டு பக்கத்தையும் கட்டுகிறது. பயிற்சிக் காலம் முழுவதும் பயிலுனர் நிற்பார் என்ற உறுதி முதலாளிக்கு. முடிவில் தகைமை கிடைக்கும் என்ற உறுதி பயிலுனருக்கு.

இதை நடைமுறைக்குக் கொண்டுவரப் புதிய சட்டம் தேவையில்லை. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் உள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் கடைகளையும் நைற்றாவையும் இணைக்கலாம். வர்த்தக சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களிடம் ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கலாம். விடுதிக்கும் மண்டபத்துக்கும் முதலிடும் புலம்பெயர் உறவுகள், கட்டடத்தின் அழகைக் கேட்பதோடு அங்கே வேலை செய்பவர்களுக்குச் சேமலாப நிதி கட்டப்படுகிறதா என்றும் கேட்கலாம். தமிழ் அரசியல்வாதிகள் தேர்தல் மேடையில் வேலைவாய்ப்பு என்று சொல்லும்போது, எத்தனை பேருக்கு எழுதிய ஒப்பந்தத்துடன் என்று வாக்காளர் கேட்கலாம்.

அதுவரை, பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் பெற்றோர் முதல் நாளே கேட்டு வாங்க வேண்டியவை மூன்று: நியமனக் கடிதம் அல்லது பயிலுனர் ஒப்பந்தம், சேமலாப நிதி இலக்கம், மாதாந்தச் சம்பளச் சீட்டு. இவை மறுக்கப்பட்டால் அருகில் உள்ள தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். தனி ஒரு பிள்ளை கேட்டால் வேலை போகும் என்ற பயம் நியாயமானதே. ஆகவே ஒரே கடைத்தெருவில் நிற்கும் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து கேட்பதே பாதுகாப்பு.