தலையெழுத்தா? முன்பணமா?

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியில் உட்கார்ந்திருந்த குழந்தைகளை எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கடல் கடந்து பணம் வரவேண்டியிருந்தது என்பதை இவ்வூர்ப் பெரிய மனிதர்கள் மறந்திருக்கலாம். நாம் மறப்பதற்கில்லை.

கோர்வைப் புடவை நெய்யும்போது ஒரு பக்கத்துக் கரையின் நாடாவை வாங்கித் தள்ள இரண்டாவது ஆள் வேண்டும். பல தறிகளில் அந்த ஆள் ஒரு குழந்தைதான். தகப்பன் முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக உட்காரவைக்கப்பட்ட குழந்தை! கேட்டால் தலையெழுத்து என்பார்கள். கடன் கணக்கை எழுதியது முதலாளியா, பிரம்மாவா?

இந்திய சர்க்காரும் அமெரிக்கத் தொழில் இலாகாவும் தலைக்கு 2 கோடி டாலர் போட, சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2004 வாக்கில் 'இண்டஸ்' திட்டத்தை இங்கும் நடத்திற்று. விசேஷப் பள்ளிக்கூடம், பகற்சோறு, மாதம் சிறு உதவித்தொகை, தாய்மாருக்குச் சுயஉதவிக் குழு ஆகியவை வந்தன. பலன் இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அந்த உதவித்தொகை முன்பணத்தை அடைக்குமா? 2009-ல் திட்டமும் முடிந்தது. வேலைக்குரிய குறைந்த வயதுபற்றி 1973-ல் ஏற்பட்ட சர்வதேச ஒப்பந்தத்தை இந்தியா ஏற்றதோ 2017-ல்!

இதே ஊரில் குளத்துக்குள் கிடந்த அத்திமரச் சிலையை 40 வருடம் கழித்து 2019-ல் எடுத்து 48 நாள் காட்டினார்களே, அதற்குப் பாதை, தண்ணீர், போலீஸ், வைத்தியம் எல்லாவற்றுக்கும் எந்த அந்நிய சபையிடமாவது கையேந்தினார்களா? அந்தச் சக்தியில் ஒரு பங்கைக்கொண்டு, கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் வட்டியில்லாக் கடன் கொடுத்து, நெசவாளியின் முன்பணத்தை அடைக்கச் சர்க்காரால் முடியாதா?