புறப்படும் நேரத்தில் ஒரு குறை! போகலாமா? நிற்கலாமா?

வாணியம்பாடியில் தோல் தொழில் செய்கிறவர்களுக்குக் கெடு என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியது இல்லை. குறித்த நாளில் சரக்கு துறைமுகம் போய்ச் சேர வேண்டும். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. லாரியில் ஏற்றும் நேரத்தில் சாயத்தில் ஒரு குறை தெரிகிறது. அனுப்புவதா? நிறுத்துவதா?

கம்ப்யூட்டருக்கு மென்பொருள் எழுதும் கம்பெனிகளுக்கும் இதே கேள்விதான். வெளியிடும் நாளைச் சொல்லியாகிவிட்டது. கடைசி நேரத்தில் ஒரு பிழை அகப்படுகிறது. என்ன செய்வது?

ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள் இதற்கு நல்ல பாடம்.

மீறினார்கள்

1979 ஆகஸ்டு 10. இந்தியாவின் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் முதன்முதலாகப் புறப்படத் தயாராக நின்றது. திட்டத்தின் தலைவர் ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம்.

புறப்படச் சற்று முன்னால் கம்ப்யூட்டர், "நிறுத்து" என்றது. கட்டுப்பாட்டுக் கருவியில் கசிவு! நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். "கவலை இல்லை, போகலாம்" என்றார்கள். கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு ராக்கெட்டைச் செலுத்தியதாகப் பிற்காலத்தில் கலாமே சொன்னார்.

முதல் கட்டம் நன்றாக வேலை செய்தது. இரண்டாவது கட்டத்தில் ராக்கெட் தடுமாறியது. 317 வினாடியில் கடலில் விழுந்தது. பல ஆண்டு உழைப்பு சில நிமிஷத்தில் போயிற்று!

அன்று நிருபர்கள் முன்னால் பொறுப்பை ஏற்றவர், விண்வெளி நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ந் தேதி எஸ்.எல்.வி.-3 வெற்றி கண்டது. அப்போது அவர், நிருபர்களிடம் பேசக் கலாமை அனுப்பினார்.

நின்றார்கள்

2023 அக்டோபர் 21. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு ஒரு சோதனை. ஆபத்து வந்தால் வீரர்களைக் காப்பாற்றும் கருவியைப் பரீட்சிக்க வேண்டும். ராக்கெட்டில் ஆள் இல்லை.

காலை மணி 8-45. இன்னும் 5 வினாடிதான். கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது. நாடே டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை யாரும் மீறவில்லை. காரணத்தைத் தேடினார்கள். கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். 10 மணிக்கு ராக்கெட் கிளம்பியது. சோதனை வெற்றி!

எதற்கு நிற்பது?

அப்படியானால் எல்லாக் குறைக்கும் நிற்க வேண்டுமா? இல்லை. செல்போன் செயலியில் ஓர் எழுத்து தவறாக இருந்தால், நாளைக்குத் திருத்தி அனுப்பலாம். அதற்கெல்லாம் நின்றால் எந்த வேலையும் முடியாது. ஆனால், பணம் அனுப்பும் செயலியில் கணக்கு தவறினால்? ஒருவர் பணம் இன்னொருவருக்குப் போய்விடும். அதற்கு நின்றே தீர வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அனுப்பிய பிறகு திருத்த முடியுமா? தோல் தொழிற்சாலையில் இருக்கும்வரை மறுபடியும் சாயம் ஏற்றலாம். கப்பல் ஏறிவிட்டால் முடியாது.

தாமதத்தால் நஷ்டம் உண்டு. வாங்குகிறவர் கோபிப்பார், விலையில் பிடித்தம் செய்வார். ஆனாலும் அந்த நஷ்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குறையோடு போன சரக்கு கொண்டுவரும் நஷ்டத்துக்கு முன்கூட்டியே கணக்குப் போட முடியாது.

2022-க்குள் இந்தியர் விண்ணுக்குப் போவார் என்று 2018-ல் அறிவித்தார்கள். அந்தக் கெடு தவறிவிட்டது. கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். உள்ளே உட்காரப்போவது மனிதர்கள். தேதியை இன்னொரு தடவை குறிக்கலாம். போன உயிரை எங்கே போய்த் தேடுவது?

தொழிற்சாலையோ, கம்ப்யூட்டர் கம்பெனியோ, குறையை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் கீழே வேலை செய்கிறவர்தான். "ஐயா, இதில் கோளாறு இருக்கிறது" என்று அவர் பயப்படாமல் சொல்ல வேண்டும். சொன்னவரைத் திட்டாத முதலாளிக்குத்தான் உண்மை நேரத்தில் தெரியும்.