வீணான வருஷம்

தில்லியில் ஒரு நீதிமன்ற வாசல். மரத்தடியில் கம்ப்யூட்டருடன் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. 'இந்த ஓராண்டில் வேறு எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை. குற்றச் செயல் எதிலும் ஈடுபடவில்லை' என்று மளமளவென்று அடித்தார். காரணம் என்ற இடத்தில், 'நுழைவுத் தேர்வுக்குத் தயாரானேன்' என்று அவராகவே போட்டுவிட்டார்.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே ஓர் ஆண்டு விடுபட்டால் பல கல்லூரிகள் கேட்கும் உறுதிமொழிப் பத்திரம் அது. கையெழுத்துப் போட வேண்டியவள் என் மகள்.

ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்குவது என் பிழைப்பு. 'கேப் இயர்' என்று வந்தாலே பேனா தயங்கும். பிரிட்டனில் அது கௌரவமான சமாச்சாரம். 2000இல் பள்ளியை முடித்த இளவரசர் வில்லியம், சிலி நாட்டில் தொண்டு வேலை செய்துவிட்டு மறு ஆண்டுதான் பல்கலைக்கழகம் போனார். ஒபாமாவின் மூத்த மகள் மலியா 2016இல் பள்ளி முடித்து 2017இல் ஹார்வர்டில் சேர்ந்தார். 'இடைவெளி ஆண்டு' என்று எழுதிவிடலாம். சொல் கிடைத்துவிடும், பொருள்தான் நம்மிடம் இல்லை.

நம்மிடம் இருப்பது 'டிராப்'. அதாவது, நீட்டுக்கோ ஜேஇஇக்கோ மறுபடி படிக்கும் ஆண்டு. ராஜஸ்தானின் கோட்டா நகர விடுதிகளில் அந்த ஆண்டைக் கழிப்பவர்கள் ஏராளம். 2023இல் அங்கே மாணவர் தற்கொலைகள் பெருகவே, பயிற்சி மையங்கள் இரண்டு மாதம் தேர்வு எதுவும் நடத்தக்கூடாது என்றது மாவட்ட நிர்வாகம். ஐஐடிகளுக்கான ஜேஇஇ அட்வான்ஸ்ட் தேர்வை இரண்டே முறைதான், அதுவும் அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் எழுதலாம். ஓராண்டு ஊர் சுற்றி வருகிற பையனுக்கு ஒரு வாய்ப்பு போயே போச்சு.

நான் மட்டும் என்ன வாழ்ந்தது? ஒரு வருஷம் கழித்துச் சேருகிறேன் என்று மகள் சொன்னதும், "வருஷம் வீணாப் போயிடுமே!" என்றுதான் கத்தினேன். பிளஸ் டூ முடித்த கையோடு அப்பா படுத்துவிட, ஓராண்டு வாடகை நூலகத்தில் வேலை பார்த்தவன் நான். அங்கே படித்ததுதான் என்னைத் தமிழ் எம்.ஏ. வரை இழுத்துச் சென்றது. "அந்த வருஷமும் வீண்தானா?" என்று மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

முதல் இரண்டு மாதம் மகள் தூங்கினாள். எனக்கு வயிறு எரிந்தது. பிறகு குழந்தைகள் நூலகம் ஒன்றுக்குப் போய்க் கதை படித்துக் காட்டத் தொடங்கினாள். ஆண்டு முடியும்போது, பொறியியல் வேண்டாம், வரலாறுதான் என்றாள். அதை வைத்துப் பிழைப்பாளா என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை. எல்லா வீட்டுக்கும் இது கட்டுப்படியாகாது என்பதும் தெரியும். கல்யாண வயதை எண்ணிக்கொண்டிருக்கும் வீடுகளில், ஓராண்டு நின்ற பெண்ணுக்குப் படிப்பே நின்றுபோவதும் உண்டு.

காரணத்தை மாற்றி அடிக்கச் சொன்னேன்.

"என்ன போடட்டும்?"

"நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை படித்தாள் என்று போடுங்கள்."

அவர் சிரித்துவிட்டார். "சார், இதையெல்லாம் கல்லூரியில் காரணமாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தேர்வு என்றே இருக்கட்டும்."

நான் தடுமாறினேன். மகள் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இதெல்லாம் உண்மைன்னு கையெழுத்துப் போடப்போறது நான்தானே?"

மாற்றி அடித்துக் கொடுத்தார்.