ஓட்டை சின்னது, ஓய்வு சின்னதில்லை

டொக்டர் 'பனியன்' என்று சொன்னால் எங்கட அம்மாமாருக்கு முதலில் ஞாபகம் வருவது அப்பா சட்டைக்குள்ளே போடுறதுதான். இது வேற பனியன். கால் பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய, அதன் அடிமூட்டு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறதே, அதுதான். பலர் நினைக்கிறமாதிரி அது புதிதாக வளர்ந்த கட்டி இல்லை. பெருவிரலுக்குப் பின்னால் இருக்கிற நீள எலும்பு மெல்ல மெல்ல மற்றக் காலின் பக்கமாக விலக, விரல் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறது. பரம்பரையிலும் வரும், முனை ஒடுங்கின சப்பாத்து அதைக் கூட்டியும் விடும்.

ஸ்காபுறோ, மார்க்கம் பக்கம் இருக்கிற எங்கட அம்மாமாரில் கனபேர் இந்தக் காலோடுதான் பாதுகாப்புச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு தொழிற்சாலைகளில் எட்டு மணித்தியாலம் நின்றார்கள். இப்போது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு வருவதும் அதே காலோடுதான். கேட்டால், "காலுக்கு ஒண்டுமில்லை, சப்பாத்துத்தான் இறுக்கம்" என்பார்கள். அதனால் வீட்டில் ஒப்பரேசன் கதை எழும்பும்போது அது ஒரு காலின் கதை மட்டுமில்லை. நாங்கள் வேலைக்குப் போய் வருவதும் அந்தக் காலை நம்பித்தான்.

இப்போது கனபேர் விசாரிக்கிறது நுண்துளை முறையைப் பற்றி. பழைய முறையில் தோலைச் சில சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டித் திறப்பார்கள். இதில் சில மில்லிமீற்றர் அளவில் ஒரு சில துளைகள்தான். அதற்குள்ளால் சின்னத் துருவி ஒன்றை விட்டு, எக்ஸ்றேத் திரையைப் பார்த்தபடி எலும்பை வெட்டி, நேராக நகர்த்தி, பெரும்பாலும் திருகாணி போட்டு இறுக்குவார்கள். எலும்பு சூடேறிப் பழுதாகாமல் இருக்க, துருவியை மெதுவாகச் சுழலவிட்டு உப்புத்தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம்.

2010இல் பிரித்தானியாவின் 'நைஸ்' அமைப்பு, இந்த முறைக்கு ஆதாரம் போதாது, விசேட ஏற்பாடுகளோடு மட்டும் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தது. பிறகு திருகாணி போடும் முறைகள் பரவி, ஆய்வுகளும் கூடின. முதல் கிழமைகளில் நோவு குறைவு, தழும்பு சின்னது என்பது உண்மை. ஆனால் முடிவில் கால் எப்படி இருக்கும் என்று பார்த்தால், பழைய முறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. எந்த முறையில் செய்தாலும் சிலருக்கு விரல் திரும்பவும் சாயும். ஆகவே முறையை விட, அதை அடிக்கடி செய்து கைபழகின சத்திரசிகிச்சை நிபுணர் முக்கியம். "இதை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீங்கள்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். துளை சின்னதென்றாலும் உள்ளே எலும்பு வெட்டுப்பட்டிருக்கிறது. தோல் ஏறத்தாழ இரண்டு கிழமையில் காயும். எலும்பு ஒட்ட ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை வேணும். வீக்கம் முழுசா வடிய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருசம்கூட எடுக்கும். எங்கட வீடுகளில் வருத்தத்தை அளப்பது காயத்தின் நீளத்தை வைத்து. பெரிய தையல் என்றால் படுக்கை, சின்னக் காயம் என்றால் குசினி.

போன வருசம் என்ர அம்மாவுக்கு இது செய்தபோது, விசேட சப்பாத்தோடு நடக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பத்தாம் நாள் நான் வேலையால் வர, அம்மா அடுப்படியில் நின்று புட்டு அவிக்கிறா. "மூண்டு ஓட்டைதானே தம்பி. அவரும் நடக்கலாம் எண்டுதானே சொன்னவர்." பின்னேரம் கால் வீங்கி, சப்பாத்துப் பட்டி பூட்டேலாமல் போச்சு.

டொக்டர் சொன்ன 'நடக்கலாம்' வேறு, அம்மாவுக்கு விளங்கின 'நடக்கலாம்' வேறு. டொக்டருடையது, அடி வளையாத சப்பாத்தோடு, குதியில் பாரம் குடுத்து, கழிவறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் போய் வருவது. மிச்ச நேரம் கால் தலையணைக்கு மேல், நெஞ்சின் மட்டத்துக்கு மேலே இருக்க வேணும், முக்கியமாக முதல் இரண்டு கிழமையும். அம்மாவுடையது, அடுப்படி, தமிழ்க்கடை, கோயில். சின்ன வயசிலிருந்தே பெற்றோருக்கு மொழிபெயர்த்துப் பழகின பிள்ளைகள் நாங்கள். இந்தச் சொல்லையும் அளவோடு மொழிபெயர்க்க வேணும்: நடக்கலாம் என்றால் குசினியில் நிற்கலாம் என்றில்லை.

திகதி எடுக்க முதல் சில ஏற்பாடுகள். மருத்துவத் தேவை என்று நிபுணர் ஆஸ்பத்திரியில் செய்தால் ஓஹிப் பொறுக்கும். வடிவுக்காகச் செய்தால் பொறுக்காது. ஒன்ராறியோவில் காத்திருப்பு இரண்டு கட்டம்: நிபுணரைப் பார்க்கும் வரை ஒன்று, முடிவெடுத்த பிறகு ஒப்பரேசன் வரை மற்றது. மாகாணத்தின் இணையத்தளத்தில் இரண்டையும் பார்க்கலாம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, டொக்டர் எழுதிக் குடுத்தால், ஓஹிப்போடு ஒப்பந்தமுள்ள கிளினிக்கில் பிசியோதெரபி இலவசம். பெற்றோரின் வருத்தத்துக்காக வருசத்தில் 3 நாள் சம்பளமில்லா விடுமுறை எடுக்க வேலைச் சட்டத்தில் பொதுவாக இடமிருக்கிறது. மிச்ச நாட்களுக்குத்தான் யோசிக்க வேணும்.

பனிக்காலத்தைத் தவிர்க்க முடிந்தால் நல்லது. அந்தச் சப்பாத்து ஐஸில் வழுக்கும், கட்டும் நனையக்கூடாது. குளிக்க ஒரு ஸ்டூலும் காலை மூட ஒரு உறையும் வாங்கி வையுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதல், இறங்கும்போது வெட்டின கால் முதல். வலது கால் என்றால் ஆறு கிழமை அளவுக்குக் கார் ஓட்ட ஏலாது. நிபுணர் சொல்லும் வரை பொறுக்க வேணும். நீரிழிவு இருந்தால், ஒப்பரேசனுக்கு முதல் சீனி அளவையும் காலின் இரத்த ஓட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கெண்டைக்காலில் நோவும் வீக்கமும் வந்தாலோ, காயம் சிவந்து காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினால் 911.

அம்மாமாரை இருத்தி வைப்பது லேசில்லை. "சும்மா இருங்கோ" என்று சொன்னால் இருக்கமாட்டினம். பிள்ளைகளை ஆர் கூட்டிவருவது, ஆர் சமைப்பது என்று ஆறு கிழமைக்கும் எழுதி, பேர் போட்டு, பிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். தன்ர பேர் ஒரு இடத்திலும் இல்லை என்று கண்டால்தான் அம்மா காலைத் தூக்கித் தலையணையில் வைப்பா.